ரோசா பார்க்ஸுக்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் பிரவுன் தீர்ப்பும், 1955இல் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸின் துணிவும் அதில் உரிய சிறப்புடன் இடம்பெற்றிருந்தன. ஆனால் அந்தப் பேருந்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் முன்னோடியாக இருந்த கறுப்பின வழக்கறிஞர் பாலி மர்ரேயின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. இதைக் கட்டுரையாளரின் குறையாக நான் கருதவில்லை; அவர் படித்திருக்கக்கூடிய வரலாறுகள் பலவற்றிலும் அந்தப் பெயர் இல்லை.

1940 மார்ச்சில் மர்ரேயும் அவருடைய தோழி அடலீன் மக்பீனும் நியூயார்க்கிலிருந்து வட கரோலினாவின் டர்ஹாமுக்குப் பேருந்தில் செல்லும் வழியில், வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட உடைந்த இருக்கையில் உட்கார மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டனர். காந்தியின் சத்தியாகிரக முறையைப் பற்றி அவர்கள் படித்திருந்தார்கள். சிறைக்குள் அதைத் தங்களால் இயன்றவரை கடைப்பிடிக்கவும் செய்தார்கள். வழக்கு நிறப்பாகுபாட்டுச் சட்டத்தையே கேள்விக்கு உள்ளாக்கிவிடக் கூடாதென்று, ஒழுங்கைக் குலைத்ததாக மட்டும் அவர்கள் தண்டிக்கப்பட்டனர். அந்தப் பேருந்தில் பயணம் செய்தவர் என்று ஆய்வாளர்கள் கருதும் ஹரால்ட் கார்பிங்கல், பிற்காலத்தில் பெயர்பெற்ற சமூகவியல் அறிஞர், இச்சம்பவத்தை ஒத்த ஒன்றை அதே ஆண்டில் எழுதினார். அதில் மக்பீனை ஒத்த பெண்ணுடன் வருபவர் ஓர் இளைஞர்!

கார்பிங்கலின் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருந்தால் அதில் வியப்பில்லை. பிறந்தபோது அன்னா பாலின் என்று பெயரிடப்பட்ட மர்ரே, வளர்ந்ததும் தம் பெயரைப் பாலி என்று சுருக்கிக்கொண்டார். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு கால்சட்டை அணிந்தார். 1930களின் பிற்பகுதியிலிருந்து மருத்துவர்களை நாடி, தமக்கு ஆண் ஹார்மோன் தருமாறு மீண்டும் மீண்டும் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். இன்றைய வழக்கில் மர்ரேயைத் திருநம்பி என்று அழைப்பதா, வேறு சொல்லால் குறிப்பதா என்று ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மர்ரேயின் இளமைக் காலத்தில் அச்சொற்கள் வழக்கில் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆண்பாலா பெண்பாலா என்று ஒவ்வொரு வரியிலும் திகைக்க நேர்கிறது. நமக்கோ ‘அவர்’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது.

கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாகப் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பில் தம் வகுப்பிலேயே முதலிடம் பெற்ற மர்ரே, அங்கு எழுதிய ஆய்வுக் கட்டுரையில், கறுப்பினத்தவருக்குத் தரப்படும் வசதிகள் தாழ்ந்தவை என்று வழக்குக்கு வழக்கு நிரூபித்துக்கொண்டிருப்பது வீண் என்றும், பிரித்து வைப்பதே அரசியலமைப்புக்கு எதிரானது என்றும் வாதிட்டார். உடன் படித்தவர்கள் சிரித்தார்கள். பிரித்தாலும் சமமே என்ற 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் 25 ஆண்டுகளுக்குள் வீழும் என்று தம் பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் 10 டாலர் பந்தயம் கட்டினார் மர்ரே. அது 10 ஆண்டுகளிலேயே வீழ்ந்தது. அதை வீழ்த்திய பிரவுன் வழக்குக்குத் தயாரானபோது ராபின்சன் தேடி எடுத்துப் பார்த்தது அதே கட்டுரையைத்தான். இந்தச் செய்தியே மர்ரேக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது.

இனத்தின் பெயரால் வட கரோலினா பல்கலைக்கழகமும், பெண் என்ற பெயரால் ஹார்வர்டும் அவரை ஏற்க மறுத்தன. உங்கள் நிபந்தனைக்கு ஏற்ப மகிழ்ச்சியுடன் என் பாலினத்தை மாற்றிக்கொள்வேன், ஆனால் அதற்கான வழி எனக்கு இன்னும் புலப்படவில்லை என்ற பொருள்பட 1944இல் அவர் ஹார்வர்டுக்கு எழுதிய பதிலை நகைச்சுவையாகவே பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மருத்துவர்களிடம் அவர் அலைந்ததை அறிந்தபின் அதை அப்படிப் படிக்க என்னால் இயலவில்லை.

1964ஆம் ஆண்டின் குடிமையுரிமைச் சட்டத்தில், வேலைவாய்ப்புப் பாகுபாட்டைத் தடைசெய்யும் பிரிவில் ‘பால்’ (sex) என்ற சொல் நீக்கப்படாமல் இருக்கப் போராடியவர்களில் மர்ரே முக்கியமானவர். அந்த ஒரு சொல்லின் அடிப்படையில்தான், 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன்பாலீர்ப்புடையோரையும் திருநர்களையும் அவர்களுடைய இயல்பைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

இதே வரலாற்றில் நினைக்கப்பட வேண்டிய இன்னொருவர், மர்ரேக்கும் முற்பட்ட பிரான்சஸ் தாம்சன். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவர், 1866இல் மெம்பிஸ் நகரில் கறுப்பினத்தவர் மீது நடந்த படுகொலையின்போது தமக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமையை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் துணிந்து சொன்னார். 10 ஆண்டுகளுக்குப் பின், ஆணாகப் பிறந்து பெண்ணுடை அணிந்ததாகக் குற்றஞ்சாட்டிக் கைது செய்தார்கள். அதையே காரணமாக்கி, அவருடைய சாட்சியமும் பொய் என்று பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டில் அவர் இறந்தார்.

மர்ரேக்கு இப்போது மரியாதைகள் வரத் தொடங்கியுள்ளன. 2017இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. 2024இல் அவர் உருவம் கால் டாலர் நாணயத்தில் பொறிக்கப்பட்டது. ஆயினும், 1977இல் அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோபல் திருச்சபையின் குருவான முதல் கறுப்பினப் பெண் என்பதோடு அவர் வாழ்க்கையைச் சுருக்கிவிடுவோர் இன்றும் பலர். மருத்துவர்களிடம் கேட்கவென எழுதிய கேள்விகள் உட்படத் தம் காகிதங்களை அவர் அழிக்கவில்லை. அவை இன்று, ஒருகாலத்தில் அவரை ஏற்க மறுத்த அதே ஹார்வர்டின் நூலகத்தில் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. அவரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

வரும் டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் பற்றித் தாங்கள் எழுதும்போது, பீட்டர்ஸ்பர்க் பேருந்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்