டிராமா ட்ரெயினிங்

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். சின்னவன் கணக்கோடு மல்லுக்கட்டுகிறான், நம்மைப் போலவே.

பாம்பனில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். விசைப்படகு எதுவும் போகவில்லை, ஆபீசில் ஈ ஓட்டுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் எங்களை இரண்டு நாள் பயிற்சிக்கு ராமநாதபுரம் அனுப்பினார்கள். மெமோவில் 'ட்ராமா' என்று போட்டிருந்தது. நம்ம கணேசண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ரிடையராகப் போற வயசுல டிராமால வேஷம் கட்டச் சொல்றாங்க. எனக்கு எமன் வேஷம்தான் வேணும்" என்றார். நானும் மத்தியானச் சாப்பாட்டை நம்பித்தான் போனேன். பிரியாணி சுமார்.

நடத்திய மேடம் மதுரைக்காரர். அமெரிக்காவில் மனநலத்துக்கான அரசு அமைப்பு 2014இல் எழுதிவைத்ததிலிருந்து ஆரம்பித்தார். ட்ராமா என்றால் நாடகம் இல்லை, ஆறாத மனக்காயம். நம் முன்னால் நிற்பவருக்கு அது இருக்கலாம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், அதன் அடையாளம் கண்ணில் பட வேண்டும், வேலைமுறையை அதற்கேற்ப மாற்ற வேண்டும், அந்தப் புண்ணை மறுபடி கிளறக் கூடாது. "நீங்க யாரும் டாக்டராக வேண்டாம், குத்தாம இருந்தாப் போதும்" என்றார். எனக்குக் கொட்டாவி வந்தது. அப்புறம், ஆபத்து போய் எத்தனை வருஷமானாலும் ஒரு சத்தமோ வாடையோ போதும், உடம்பு அந்த நாளுக்கே திரும்பிவிடும் என்றார். சட்டென்று உங்க அப்பத்தா ஞாபகம்.

காற்று கொஞ்சம் ஏறினாலே அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் வந்து நிற்குமே. நாம் ஆளுக்கொரு தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து காட்டி, உங்க அப்பாவிடம் அடி வாங்கினோமே. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தது என்று நமக்குத் தெரியும். அந்த ராத்திரி ரயிலையே கடல் கொண்டுபோனதும் தெரியும். அந்த ராத்திரியையும் இந்தப் பெட்டியையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு.

கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல், ஒரு அக்கா மூன்று வருஷமாக எங்களிடம் நடக்கிறார். உடல் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் தகவலே இல்லை என்றால்தான் பொதுவாகச் சட்டம் இறந்ததாக எடுத்துக்கொள்ளும். இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை, அது இல்லாமல் எதுவுமே நகராது. இங்கே ஆள் மாறும்போதெல்லாம் அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஜூனில் கவுண்டரில் நான். ஒரு சீட்டை நீட்டினார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், மகள் கையெழுத்து. அதைப் படிக்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "பாடி கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றேன். அவர் பேசவில்லை. ஒற்றை விரலால் அந்தச் சீட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

பயிற்சி முடிந்து வந்து ஃபைலைப் பிரித்தேன். சீட்டு அதில்தான் இருந்தது. பெயர், தேதி, படகு நம்பர், கூடப் போனவர்கள். கடைசி வரி, 'கிடைக்கவில்லை'. அம்மா வாயால் சொல்ல வேண்டாம் என்றுதான் அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறது. செல்வி, அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

போன திங்கள் வந்தார். ரெக்கார்டு ரூம் பெஞ்சில் உட்காரவைத்து, ஒன்றும் கேட்காமல், ஃபைல் எங்கே இருக்கிறது, அடுத்து யாரிடம் போகும் என்று மட்டும் சொன்னேன். பயந்துவிட்டார். "ஒண்ணுமே கேக்கலையே மேடம், ஃபைலை மூடிட்டீங்களா?" மேடம் சொல்லிக்கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை. சீட்டை எடுத்துக் காட்டினேன். அப்புறம்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

இரண்டு நாள் பயிற்சி என்னத்தை மாற்றும், சொல்? ஏழு வருஷம் அதே ஏழு வருஷம்தான். எனக்கு மாறுதல் வந்தால் அடுத்து வருபவர் மறுபடி கேட்பார். அதனால் ஃபைல் அட்டையின் உள்பக்கம், 'சீட்டைப் படிக்கவும், வாயால் கேட்க வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். ஆடிட்டில் மாட்டினால் நீ வந்து ஜாமீன் எடு.

அப்பத்தா அந்தப் பெட்டிக்குள் என்ன வைத்திருந்தது என்று உனக்காவது தெரியுமா? நான் கேட்டதே இல்லை. பதிலில் எழுது. நெத்திலிக் கருவாடு மழை விட்டதும் அனுப்புகிறேன்.

உன்,
ஜோதி