20 நிமிடம் வறுத்தால் டிரவுட்டில் மிஞ்சுவது முள்தான்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், தூண்டிலில் பிடித்த டிரவுட்டை வீட்டில் சமைப்பது எப்படி என்று வந்த குறிப்பைப் படித்தேன். படத்தில் மீன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எழுதியிருக்கிறபடி செதிலைச் சுரண்டி, ஐந்தாறு தண்ணீர் மாற்றிக் கழுவி, 20 நிமிடம் வறுத்தால் அந்தப் படத்தில் இருப்பது வராது. மரப்பட்டைதான் வரும்.

சும்மா குறை சொல்ல எழுதவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தூண்டில் பைத்தியம். அவர் பிடித்து வருவதை 26 வருடமாக அடுப்படியில் வாங்கிச் சமைக்கிறவள் நான். அதில் முதல் மூன்று நான்கு வருடம் நான் செய்த தப்புகள் எல்லாம் உங்கள் குறிப்பில் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

குறிப்பு "சுத்தம் செய்த டிரவுட் 2" என்று தொடங்குகிறது. அந்த ஒரு வார்த்தைக்குள் பாதிச் சமையலை ஒளித்து வைத்துவிட்டார் எழுதியவர். கடையில் வாங்கிய மீன் என்றால் சரி, யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிடித்த மீனுக்கு அப்படி யாரும் இல்லை.

என் வீட்டுக்காரர் முதன்முதலில் நான்கு டிரவுட் கொண்டுவந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடியற்காலையில் பிடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, மத்தியானம் வரை பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மேலும் மீனுக்குக் காத்திருந்திருக்கிறார். வீட்டில் பையைப் பிரித்தால் மீனின் வயிறு கொழகொழவென்று இருந்தது. கத்தி வைத்ததும் விலா முட்கள் சதையை விட்டுத் தனியாக எழும்பி நின்றன. "காலையில் பிடித்த மீன்தானே, இதைவிடப் புதுசு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். "நீங்க பிடிச்சது காலையில. அது வெந்தது உங்க பையிலேயே" என்றேன்.

அப்புறம்தான் காரணம் தெரிந்தது. மீன் செத்தாலும் அதன் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. வயிற்றுச் சதையையே கரைக்க ஆரம்பிக்கும். வயிறு முட்டத் தின்ற மீனில், அதுவும் வெயிலில், இது வேகமாக நடக்கும். டிரவுட் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில் வாழ்கிற மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே உயிரோடு இருக்கும்போதே திணறும். அதைப் பிளாஸ்டிக் பையில் வெயில் காய வைத்தால் என்ன ஆகும்?

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். பிடித்த உடனே தலையில் ஒரே அடி. துள்ளத் துடிக்கத் தரையில் போட்டு வைக்கக் கூடாது. இது இரக்கம் மட்டுமில்லை, ருசியும்கூட. துடித்துத் துடித்துச் சாகிற மீன் தசையில் இருக்கிற சக்தியையெல்லாம் செலவழித்துவிடும், சீக்கிரமே விறைக்கும், சதை பிளவு விடும். அடித்த கையோடு செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட வேண்டும். அங்கேயே குடலை எடுத்துவிட்டுப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டி இல்லாமல் போனால் மீன் இல்லாமலே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பல நாள் அப்படியும் வந்திருக்கிறார், அது வேறு கதை.

சரி, சுத்தம் செய்வது. கழிவுத் துவாரத்தில் கத்தி முனையை வைத்து, கூர்ப்பக்கம் மேலே பார்க்க, தாடை வரை மெல்லக் கீற வேண்டும். ஆழமாகக் குத்தினால் பித்தப்பை உடையும். அந்தப் பச்சை நிறப் பித்தநீர் பட்ட இடம் எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் கசக்கும். செவுளையும் குடலையும் சேர்த்துப் பிடித்து வால் பக்கமாக இழுத்தால் ஒரே கொத்தாக வந்துவிடும். பெரும்பாலோர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். உள்ளே நடுமுள்ளை ஒட்டி, தலையிலிருந்து வால் பக்கம் வரை கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடுகிறதே, அதை மறந்துவிடுவார்கள். உறைந்த ரத்தம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்தேன். அது மீனின் சிறுநீரகம். மேலே மெல்லிய சவ்வு இருக்கும். அதைக் கீறி, கட்டைவிரல் நகத்தால் தலைப்பக்கத்திலிருந்து வழித்துக்கொண்டே வந்தால் சேறு போலக் கழன்று வரும். நகம் வளர்க்காதவர்கள் சின்னக் கரண்டியால் வழிக்கலாம். "டிரவுட் எனக்குக் கவுச்சி அடிக்கும்" என்று சொல்கிற பலர் இந்தக் கோட்டோடு சமைத்த மீனைத் தின்றவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

செதிலைச் சுரண்டச் சொன்னது அநியாயம். டிரவுட்டின் செதில் அவ்வளவு பொடி. வறுத்தால் தோலோடு தோலாக மொறுமொறுப்பாகிவிடும். கத்தியால் சுரண்டினால் தோல்தான் கிழியும், கிழிந்த இடத்தில் சட்டி ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கிற வழவழப்பை வறுப்பதற்கு முன் துடைத்துவிட வேண்டியதுதான், ஆனால் அதுவும் வீண் பொருள் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் நீல டிரவுட் என்று ஒன்று செய்கிறார்கள். அப்போதுதான் அடித்த மீனை, வழவழப்பு போகாமல் பதமாகக் கையாண்டு, வினிகர் கலந்த கொதிநீரில் இறக்குவார்கள். அந்த வழவழப்புப் படலம் நீலமாக மாறும், மீனும் வில் மாதிரி வளையும். பழைய மீனில் இந்த வித்தை பலிக்காது. நான் ஒரு தடவை செய்து பார்த்தேன். நீலம் வந்தது. தட்டில் வளைந்து கிடந்து என்னையே பார்ப்பது போல இருந்ததால் என் மகள் சாப்பிட மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள்.

வளைவது என்றதும் இன்னொன்று. பிடித்த உடனே வறுப்பதுதான் சிறந்தது என்று குறிப்பில் இருக்கிறது. செத்த சில மணி நேரத்தில் மீன் கட்டை போல விறைக்கும். அந்த விறைப்பில் இருக்கும்போது வறுத்தால் சட்டியில் சுருண்டு நிற்கும், நடுப்பகுதி சட்டியிலேயே படாது, சதையும் ரப்பர் மாதிரி இருக்கும். குடல் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்த மீன் மறுநாள் தளர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை பிடித்தது ஞாயிற்றுக்கிழமைதான் அடுப்புக்குப் போகும். அவருக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. ஆற்றங்கரையிலேயே சுட்டுத் தின்பதுதான் ருசி என்பார். அங்கே அவருக்கு இருந்த பசிக்கு எதைச் சுட்டாலும் ருசிதான்.

இப்போது அந்த 20 நிமிடத்துக்கு வருகிறேன். மீன் சதையைக் கட்டிவைக்கிற இணைப்புத் திசு ஆட்டிறைச்சியில் இருப்பதைவிட மிகக் குறைவு, சீக்கிரம் கரைந்துவிடுவது. மெதுவாக வேக வைத்து மிருதுவாக்க அங்கே ஒன்றுமே இல்லை. அதிகப்படியான ஒவ்வொரு நிமிடமும் ஈரத்தைத்தான் வெளியே தள்ளுகிறது. மீனின் மிகக் கனமான இடத்தில் ஒரு அங்குலத்துக்கு 10 நிமிடம் என்பது பழைய கணக்கு. 300 கிராம் டிரவுட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அவ்வளவுதான் தேவை. நீங்கள் சொன்னது அதைப்போல இரண்டு மடங்கு.

நான் செய்வது இது. வறுப்பதற்கு கால் மணி நேரம் முன்னால் உள்ளும் புறமும் உப்பு தடவி வைப்பேன். அது கொஞ்சம் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, தோல் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுவேன். ஐந்தாறு தண்ணீரில் கழுவச் சொல்லும் உங்கள் குறிப்பில் துடைக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. ஈர மீன் வறுபடாது, ஆவியில் அவியும். காய்ந்த தோலில் மாவை லேசாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். கனமான இரும்புச் சட்டி சூடேறியதும் எண்ணெய், அப்புறம் மீன், தீ மிதமாக. வைத்ததும் 10 விநாடி விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பிடிப்பேன், தோல் முழுக்கச் சட்டியில் படியும். அதன்பிறகு தொடவே கூடாது. கரண்டியை வைத்துக்கொண்டு நோண்டிக்கொண்டே இருப்பவர்களை அடுப்படியை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். நான்கு நிமிடம் கழித்து ஓரத்தில் தட்டையான கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். தோல் மொறுமொறுப்பாகியிருந்தால் மீன் தானாகவே விட்டுக் கொடுக்கும். ஒட்டினால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

திருப்பிய பிறகுதான் வெண்ணெய். முதலிலேயே போட்டால் அதிலிருக்கும் பாலின் திடப்பொருள் கருகிக் கசந்துவிடும். திருப்பியபின் போட்டால், அது நுரைத்து, நுரை அடங்கி, பொன்னிறமாகும்போது மீனும் வெந்திருக்கும். சட்டியைச் சாய்த்து அந்த வெண்ணெயைக் கரண்டியால் மொண்டு மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெந்ததா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம். முதுகுத் துடுப்பைப் பிடித்து மெல்ல இழுங்கள். அடியிலிருக்கும் சின்ன முட்களோடு சுலபமாக வந்துவிட்டால் இறக்கிவிடலாம். இழுக்கும்போது மீனே கூட வந்தால் இன்னும் ஒரு நிமிடம். சந்தேகம் இருந்தால் தலைக்குப் பின்னால் கத்தி முனையால் விலக்கிப் பாருங்கள், கண்ணாடி போலத் தெரிந்த சதை பால் நிறத்துக்கு மாறி முள்ளை விட்டு விலகும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்வது 63 டிகிரி செல்சியஸ். சதை ஆரஞ்சாக இருக்கிறதே, வேகவில்லையோ என்று வறுத்துக்கொண்டே இருக்காதீர்கள். இறால் வகைச் சிற்றுயிர்களைத் தின்ற டிரவுட்டுக்கு அந்த நிறம் உண்டு, வெந்தாலும் முழுக்கப் போகாது. வெள்ளைச் சதை டிரவுட்டும் நல்ல மீன்தான்.

மண்வாடைக்கு வினிகரில் ஊறவைக்கச் சொன்னது மட்டும் பாதி சரி. அந்த வாடை ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. தண்ணீரில் இருக்கும் சில நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன, மீன் செவுள் வழியாக அதை வாங்கிக் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடுமாம். புளிப்பு பட்டால் அது சிதையும் என்பது உண்மை. ஆனால் சுத்தமான ஓடுநீரில் பிடித்த மீனுக்கு இது தேவையே இல்லை. வாடை அடிக்காத மீனை வினிகரில் ஒரு மணி நேரம் போட்டால் ஊறுகாய்தான் ஆகும்.

இதுவரை சொன்னதெல்லாம் ருசி சமாச்சாரம், தப்பாகச் செய்தால் ஒரு வேளைச் சாப்பாடு போகும், அவ்வளவுதான். நான் உண்மையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது குறிப்பின் கடைசி வரிக்காக. "மீன் மிகவும் புதியது என்றால் மெல்லிய துண்டுகளாக்கி எலுமிச்சைச் சாற்றில் அரை மணி ஊறவைத்து வறுக்காமலும் சாப்பிடலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். இது ஆபத்து. நன்னீர் மீன்களில், டிரவுட் குடும்பத்திலும், நாடாப்புழுவின் இளம்புழு சதைக்குள் இருக்கக்கூடும். எலுமிச்சைச் சாறு சதையை வெந்தது போல வெளுக்க வைக்குமே தவிர, அந்தப் புழுவைக் கொல்லாது. மீன் எவ்வளவு புதியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சற்று முன் பிடித்த மீனில் அது உயிரோடுதான் இருக்கும். பச்சையாகச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அதே அமெரிக்க நிர்வாகத்தின் விதி. வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டி பல நேரம் அந்தக் குளிரைத் தொடுவதில்லை. உங்கள் பத்திரிகை சொன்னது என்று நம்பி யாராவது குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

செதிலும் 20 நிமிடமும் எப்படியோ போகட்டும். அந்தக் கடைசி வரிக்காவது வரும் ஞாயிறு இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், குறிப்பு வந்த அதே பக்கத்தில், கண்ணில் படுகிற அளவில்.

இப்படிக்கு,
தூண்டில்காரர் வீட்டுச் சமையற்காரி

பி.கு.: கன்னச் சதையைப் பற்றிக் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. செவுள் மூடிக்கு முன்னால், கண்ணுக்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு துண்டு இருக்கும். எங்கள் வீட்டில் ஒன்று எனக்கு, இன்னொன்று பிடித்தவருக்கு.