வாய்விட்டுக் கேட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். மாமாவின் அறுபதாம் ஆண்டுச் சாந்தி தேவகோட்டை வீட்டில் நல்லபடியாக நடந்து முடிந்தது. வந்து வாழ்த்தியவர்களுக்கு மாமாவும் அத்தையும் வீட்டின் சார்பில் நன்றி சொல்லிவிட்டார்கள். இந்த மடலை மூத்த மருமகளான நான் என் சார்பில் எழுதுகிறேன். எனக்கு ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதும் ஓசை போன்றவற்றை உணர்வதும் பிறவியிலேயே வேறு விதமாக அமைந்த இயல்பு, இருப்பது உங்களில் பலருக்கு இப்போது தெரியும். வளவு என்னும் நடு முற்றம் கொள்ளாத கூட்டத்தின் நடுவே விடியற்காலை முதல் இரவுப் பந்தி வரை என்னால் நிற்க முடிந்ததென்றால், அதற்கு ஒரு சிலர்தான் காரணம். அவர்களுக்குத் தனியாகச் சொன்னால் போதாது என்று தோன்றியது.

முதலில் மாமாவுக்கு. மொய்ப்பண நோட்டை அவர் என் கையில் கொடுத்தார். வழக்கமாக ஆண்கள் அமர்ந்து எழுதும் இடம் அது. இரண்டொரு பெரியவர்கள் கேட்டபோது, "அவள்தான் பிழையில்லாமல் எழுதுவாள்" என்று மட்டும் சொன்னார். எங்கள் நகரத்தார் பக்கத்து மொய்ப்பணத்தில் தொகை பெரிதில்லை, பதிவுதான் பெரிது. ஊர், குலப்பிரிவைக் காட்டும் கோயில், குடும்ப அடையாளமான விலாசம், பெயர் எல்லாம் எழுத வேண்டும். அதனால் நோட்டின் முன் வருகிறவர்கள் எல்லாரும் தாங்கள் யார் என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. முகங்கள் என் மனத்தில் தங்குவதில்லை. வீட்டுப் பட்டாலையில் அமர்ந்து நெடுநேரம் பேசியவரையே மறுநாள் காரைக்குடி பஸ் நிலையத்தில் வேறு புடவையில் பார்த்தால் அடையாளம் தெரியாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இப்படி உண்டு. இதனால் "கண்டும் காணாமல் போகிறாள், பிறந்த வீட்டுச் செருக்கு" என்ற பேச்சு கல்யாணமான நாள் முதல் என் பின்னால் வந்தது. ஆனால் மாத்தூர்க் கோயில், இன்ன ஊர், இன்ன விலாசம் என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அது அழியாது. அந்த வீட்டுப் பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார்கள், அந்தத் திருமணத்துக்கு நம் வீட்டிலிருந்து யார் போனார்கள், திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்பது வரை வரிசையாக நினைவில் நிற்கும். அன்று நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் "தங்கள் மகளுக்குக் கண் அறுவை நடந்ததே, இப்போது எப்படி இருக்கிறார்?" என்ற மாதிரி கேட்க முடிந்தது. பலர் வியந்தார்கள். இத்தனை காலமும் உங்களைப் பற்றிய அக்கறை எனக்குள் இருந்தது. அதை எந்த முகத்தின் முன் காட்டுவது என்றுதான் தெரியாமல் இருந்தது.

முறைச்சிட்டை எழுதி வைத்த முன்னோர்களுக்கும் இங்கே ஒரு கும்பிடு. எந்த உறவுக்கு என்ன முறை, எப்போது, யார் கையால் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதி வைத்ததை நான் தவறியதே இல்லை. எழுதாமல் விடப்பட்டவற்றில்தான், ஒரு பார்வையில், ஒரு பெருமூச்சில், "பரவாயில்லை" என்ற ஒரு சொல்லில், நான் தடுமாறினேன்.

அடுத்து என் நாத்தனாருக்கு. இவருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தையின் தம்பி காலமானார். செய்தி வந்ததும் பெண்கள் எல்லாரும் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னால் அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. அத்தையின் அழுகை என் வயிற்றுக்குள் புகுந்து முறுக்கியது. நான் இரண்டாம் கட்டுக்குப் போய் அவருடைய மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்தேன், வெந்நீர் வைத்தேன், துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பாயும் குடிநீரும் எடுத்து வைத்தேன், மூன்று ஊர்களுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். கல் மனம் என்றார்கள். நாத்தனார் மட்டும் அன்றிரவு என் அறைக்கு வந்து, "நீங்கள் அழவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். உங்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது? எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உடனே பதில் வரவில்லை. என்ன உணர்கிறோம் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் பிடிக்கும். அவர் காத்திருந்தார். பிறகு அத்தையிடம் போய், அந்த மாத்திரைப் பெட்டிதான் நான் அழுத அழுகை என்று அவருக்கே உரிய விதத்தில் சொன்னார். அத்தை இன்றைக்கும் அந்தப் பெட்டியில்தான் மாத்திரை வைத்துக்கொள்கிறார்.

நாத்தனாரின் வற்புறுத்தலில்தான் உளவியலாளரைப் பார்க்க மதுரைக்குப் போனேன். அதற்கு முன் வேறோர் இடத்தில், "கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்கள், கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறீர்கள், உங்களுக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும்?" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மதுரையில் என்னைப் பார்த்த உளவியலாளர் அம்மா, நான் கண்ணைப் பார்ப்பதில்லை, புருவ மத்தியைப் பார்க்கப் பழகியிருக்கிறேன் என்பதைச் சிறிது நேரத்திலேயே கண்டுகொண்டார். 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் பதினொரு குழந்தைகள். அவர்களில் பெண்கள் மூவர் மட்டுமே. அதன் பிறகு நெடுங்காலம் இதைச் சிறுவர்களை வைத்தே அளந்துவந்தார்கள். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று சொல்லிவந்த கணக்கை, 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மூன்றுக்கு ஒன்றுக்கு அருகில் என்று திருத்தினார்கள். சிறு வயதிலிருந்தே பிறரைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பையும் பேச்சையும் ஒத்திகை பார்த்து, தன்னை மறைத்துக்கொள்ளும் பெண்கள் கணக்கில் வராமல் போகிறார்கள் என்று அந்த அம்மா விளக்கியபோது, ஆத்தா வீட்டில் கண்ணாடி முன் நின்று "வாருங்கள், சௌக்கியமா?" என்று சொல்லிப் பார்த்த சிறுமியை நினைத்துக்கொண்டேன்.

டேமியன் மில்டன் என்பவரைப் பற்றியும் அந்த அம்மாதான் சொன்னார். அவரும் ஆட்டிசம் உள்ளவர், சமூகவியல் படித்தவர். 2012-இல் அவர் எழுதியதன் சாரம் இது: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரின் மனம் புரிவதில்லை என்று சொல்கிறோமே, மற்றவருக்கு மட்டும் ஆட்டிசம் உள்ளவரின் மனம் புரிகிறதா? புரியாமை இரு பக்கமும் இருக்கிறது. பழியை மட்டும் ஒரு பக்கம் சுமக்கிறது. அதைக் கேட்ட நாளில் நான் அழுதேன். துக்க வீட்டில் வராத அழுகை வைகைப் பாலத்தில் பஸ்ஸுக்குள் வந்தது.

சாந்திக்கு வருகிறேன். நாகஸ்வரக் குழுவின் பெரியவருக்கு என் வணக்கம். தாலி கட்டும் திருப்பூட்டு நேரத்தில் கெட்டிமேளம் திடீரென்று எழுந்தால் எனக்கு உடம்பு உதறும். முந்தின நாளே அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. "தவில்காரர் குச்சியை உயர்த்துவதற்கு முன் நான் உங்கள் பக்கம் திரும்பித் தலையசைக்கிறேன், ஆச்சி" என்றார். சொன்னபடியே செய்தார். மாமா அத்தைக்குத் திருப்பூட்டியதைக் கண் திறந்து பார்த்தேன். என் கல்யாணத்தில்கூட அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

படம் எடுத்த தம்பிக்கும் நன்றி. "சிரியுங்கள்" என்று ஒருமுறையும் சொல்லவில்லை.

என் ஓர்ப்படியாள் எங்கள் அறைச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை கொடுக்கும் நம் வீட்டமைப்பு எனக்கென்றே ஏற்பட்டது போலத்தான் தோன்றும். மதியப் பந்திக்குப் பிறகு அந்த அறையில் விளக்கு போடாமல் படுத்திருந்தேன். கேட்டவர்களிடம் அவர் தலைவலி என்று பொய் சொல்லவில்லை. "அக்காவுக்குச் சத்தம் போதும் என்றாகிவிட்டது, மாலையில் வருவார்" என்றார். மாலையில் எழுந்து வந்தபோது யாரும் என்னைக் குற்றமாகப் பார்க்கவில்லை. அவர் சொன்ன உண்மை அந்த வேலையைச் செய்திருந்தது.

என் கணவருக்கு ஒரு சிறு பத்தி. விழா முடிந்த மறுநாள் எல்லாரும் "எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். அப்படிப் பொதுவாகக் கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. டெர்மாட் பவ்லர் என்ற நினைவு ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: தாமாக நினைவுகூரச் சொன்னால் ஆட்டிசம் உள்ளவர்கள் சிரமப்படுவார்கள், கேள்வியிலேயே ஒரு பிடி கொடுத்தால் அந்தச் சிரமம் பெருமளவு குறைந்துவிடும். என் கணவர் அதைப் படித்தவர் இல்லை. ஆனாலும் "காலைப் பந்தியில் கந்தரப்பத்துக்குப் பிறகு என்ன வைத்தார்கள்?" என்றுதான் தொடங்குவார். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நான் இரவு வரை சொல்லிக்கொண்டே போவேன். எங்கள் இல்லறத்தின் நல்ல நேரங்கள் அவை.

கடைசியாக என் இரு தோழியருக்கு. ஒருவர் பனையோலைக் கொட்டான் பின்னுகிறார், மற்றவர் ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில் கணக்கு எழுதுகிறார். இருவருக்கும் ஆட்டிசம் இருப்பது என்னைப் போலவே காலம் தாழ்ந்துதான் தெரியவந்தது. நாங்கள் கூடினால் ஒருவர் கொட்டானின் சாயங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், மற்ற இருவரும் கேட்போம், யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். அதுவே எங்களுக்கு நெருக்கம். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையில் போலவே நன்றாகச் சென்றது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. எங்கள் மூவருக்கும் அதில் வியப்பில்லை. அன்று தோழியர் இருவரும் கூட்டத்துக்கு அஞ்சாமல் வந்து, முகப்பின் ஓரத்தில் அமர்ந்து, நான் நிமிரும்போதெல்லாம் என் கண்ணில் படும்படி இருந்தார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

நோட்டின் முன் நின்று, பெயர் எழுதி முடித்த பிறகும் போகாமல், "என் மகளும் உன்னைப் போலத்தான் இருக்கிறாள்" என்று தாழ்ந்த குரலில் சொன்ன அம்மாவுக்கும் நன்றி. அங்கே என்னால் சரியாகப் பேச முடியவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சான்று பெற என்னென்ன தாள்கள் வேண்டும் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன், தருகிறேன். மதுரை அம்மாவின் முகவரியும் தருகிறேன். மகளையும் அழைத்து வாருங்கள். நான்கு மணிக்கு மேல் வீட்டில் கூட்டம் இருக்காது. அவள் பேச வேண்டும் என்பதில்லை. வருவதற்கு முன், அவளுக்கு எந்த ஓசை ஆகாது, எதைப் பற்றிப் பேசினால் பிடிக்கும் என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தேவகோட்டை வீட்டு மூத்த மருமகள்