பெயர் கேட்க மறந்துபோன அந்தத் தூய்மைப் பணியாளருக்கு நன்றி

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, 14 ஆண்டுகள் எங்களுடன் வாழ்ந்த செல்லப்பிராணி கறுப்பன் இறந்துபோனபோது, வேளச்சேரியில் எங்கள் வீட்டின் பின்புறம் கிணற்றை ஒட்டிக் குழி தோண்டத் தொடங்கியிருந்த எங்களைத் தடுத்து நிறுத்திய மாநகராட்சித் தூய்மைப் பணியாளருக்கு இந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

“கிணத்துக்கிட்ட வேணாம்மா, ரெண்டடியிலயே தண்ணி நிக்குது” என்றார். தாழ்வான பகுதியில் ஆழமில்லாமல் புதைத்தால் அழுகும் உடலின் கசிவு கிணற்று நீரில் கலக்கும் என்பதும், தெருநாய்கள் மண்ணைக் கிளறிவிடும் என்பதும் அந்தத் துக்கத்தில் எங்களுக்குத் தோன்றவே இல்லை. (குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்ன உறவினரைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.)

மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் தகவல் சொல்லச் சொன்னவர், வண்டி வரும்வரை எங்களோடு மழையில் நின்றார். வெறுங்கையால் தொடக்கூடாது என்று எங்களை விலக்கிவிட்டு, தாம் கையுறை அணிந்து, கழுத்துப்பட்டையிலிருந்த சிறிய மணியைக் கழற்றித் துடைத்து என் உள்ளங்கையில் வைத்த பிறகே, உடலைப் பழைய போர்வையில் சுற்றி, கனமான பாலித்தீன் உறையிலிட்டு வாயை இறுகக் கட்டினார். அது கிடந்த தரையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார்.

காபிகூடக் குடிக்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பெயரைக் கேட்காதது என் பிழை.