நமது ஒளிப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், முன்னாள் தலைவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது சங்கம் கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

போன வருட அறிக்கை நீளம் என்று குறை வந்தது. இந்த முறை சுருக்கமாக முடிக்கத்தான் உட்கார்ந்தேன். படித்துறை விஷயம் வந்ததும் கை நிற்கவில்லை. பொறுத்தருள வேண்டும்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் கூடவில்லை. ஒன்று மழை, ஒன்று முகூர்த்தம், மூன்றாவதற்குக் காரணம் எனக்கே நினைவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். பாதிப் பேரிடம் கேமரா கிடையாது, போன்தான். "போன் வச்சிருக்கறவனெல்லாம் போட்டோகிராபரா?" என்று முணுமுணுத்த மூத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம்மில் பலர் ஆக்ஃபா கிளிக் III வைத்துத் தொடங்கியவர்கள். 120 ரோலில் பன்னிரண்டு படத்துக்கு மேல் தராத பெட்டி அது. அப்போது ஸ்டுடியோக்காரர்கள் நம்மைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆண்டின் முதல் ஒளிப்பட நடை சித்திரையில், நாகேஸ்வரன் கோயிலுக்கு. சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலை வெயில் வாசல் வழியாக நேரே கருவறைக்குள் போய் லிங்கத்தின் மேல் விழும் என்பது ஊரறிந்த செய்தி. அதைப் படமெடுக்க முடியாது என்பதும் ஊரறிந்ததுதான். மூலவரை எடுக்க எப்போதுமே அனுமதி இல்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்ன பிறகு போனும் வாசலோடு நின்றுவிட்டது. ஆகவே கேமராக்களை எல்லாம் என் கடையில் பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு போனோம். படம் எடுக்காமல் ஒரு வெளிச்சத்தைப் பார்ப்பது எத்தனை சிரமம் என்பது அன்றுதான் தெரிந்தது. கூட்டத்தில் ஒருவர் வலது கை ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டே இருந்தார். யாரென்று சொல்ல மாட்டேன்.

மே மாதம் சுவாமிமலை. ஐம்பொன் வார்ப்புப் பட்டறைக்குள் நம்மை விட்டதே பெரிது. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலை மூன்று அடுக்காகப் பூசிக் காய வைத்திருந்தார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றிய பிறகு அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்ற வேண்டும். உலோகம் இறங்கும் அந்த நேரத்துக்காக ஆளாளுக்கு இடம் பிடித்து நின்றதில் ஸ்தபதிக்கு நிற்க இடமில்லை. "நீங்க எடுத்து முடிக்கறதுக்குள்ள இது ஆறிடும், நகருங்க சார்" என்றார். நகர்ந்தோம். நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைக் கேமராவின் பொறுப்பில் (ஆட்டோவில்) விட்டவர்களுக்கு உருகிய உலோகம் பழைய சாம்பார் நிறத்தில் வந்தது. வெளிச்சத்தின் நிற அளவான கெல்வினைக் கையால் வைத்தவர்கள் தப்பினார்கள்.

2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டிக் காவிரியில் தண்ணீர் ஓடியதைப் பார்த்த சந்தோஷத்தில் நம் ஆட்கள் எடுத்துத் தள்ளியது மட்டும் மூன்று மெமரி கார்டு. காதோலை கருகமணி, மஞ்சள் நூல், முளைப்பாரி, பழத்தட்டு எல்லாமே வந்தன. நூல் கட்டிய கைகள் மட்டும் ஏராளம். கட்டிவிட்ட அம்மாக்களின் முகம் குறைவு. அப்போது இதை நான் கவனிக்கவில்லை.

ஆகஸ்டு 19, உலக ஒளிப்பட நாள். தொடக்க கால ஒளிப்பட முறையான டாகுரோடைப்பை 1839-ல் பிரெஞ்சு அரசு உலகுக்கு அறிவித்த தேதி என்பதால் அந்த நாளைக் கொண்டாடுகிறோம். கண்காட்சி நன்றாக நடந்தது. பிரிண்டு போட்ட இடத்தில் நம்மைக் கேட்காமலே ஓரங்களை வெட்டிவிட்டார்கள், ஒரு கோபுரத்துக்குக் கலசமே இல்லை. மகாமகக் குளத்துச் சூரியோதயம் பதினான்கு வந்திருந்தது, பதினான்கையும் மாட்டினோம். வந்தவர்கள் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலையின் 'இந்து' கருப்பு வெள்ளை ரோலில் முன்பு எப்போதோ எடுத்த பெரிய கடைத்தெருப் படம் ஒன்றைக் கடைசிச் சுவரில், மின்விசிறிக்குக் கீழே மாட்டியிருந்தோம். ஃபோகஸ் சற்று நழுவிய படம். கூட்டம் அங்கேதான் நின்றது. "இது எங்க பெரியப்பா கடை." "அந்த சைக்கிள் யாருது தெரியுதா?" ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் போர்டின் எழுத்தை வாசித்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை ஒன்றும் நடக்கவில்லை. டெல்டா மழைக்காலம் லென்சுக்கு ஆகாது. இந்த ஆண்டு மட்டும் நான்கு பேர் லென்சில் பூஞ்சை. தோல் உறைக்குள் லென்சைப் போட்டு பீரோவில் பூட்டி வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீலமாக இருந்த மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் லேசாக வறுத்தால் திரும்ப நீலமாகும். அதே வாணலியில் அப்பளம் பொரிக்க வேண்டாம்.

டிசம்பரில் தாராசுரம். இரண்டாம் இராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004 முதல் உலக பாரம்பரியச் சின்னம். கேமரா முக்காலி கொண்டுபோக முன்அனுமதி வேண்டும், நாம் வாங்கவில்லை. காவலர் சரியாகத்தான் தடுத்தார். ஓர் உறுப்பினர் பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பையை எடுத்து, அதன்மேல் கேமராவை வைத்து மெதுவான ஷட்டரில் தேர்ச்சக்கரத்தை எடுத்தார். "பையில என்ன?" என்று கேட்ட காவலர், அவிழ்த்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தை இந்த முறையும் எல்லோரும் எடுத்தார்கள். எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கிறது. பயறு மறுநாள் சுண்டல் ஆனதாகக் கேள்வி.

இனி படித்துறை விஷயம்.

பகவத் படித்துறையில் தினமும் விடியலில் ஒரு பெரியவர் குளிக்க வருவார். நம் சங்கத்தில் அவருக்குப் 'படித்துறைத் தாத்தா' என்று பெயர். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் வீட்டிலிருந்து சொம்பில் கொண்டு வந்து கடைசிப் படியில் நின்று, கிழக்கே பார்த்து இரண்டு கையாலும் விட்டு வணங்குவார். எட்டு வருடமாக நம் ஆட்கள் அவரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வெளி மாவட்டப் போட்டிகளில் நமக்குக் கிடைத்த பரிசுகளில் மூன்று அவர் தயவு.

தை மாதம் ஒரு அம்மா என் பாத்திரக் கடைக்கு வந்தார். குடம் எடுக்க வந்தவர் என்று நினைத்தேன். "கேமரா சங்கம் நீங்கதானுங்களே? எங்க அப்பா தவறிட்டாரு. கரும காரியத்துக்கு வைக்க ஒரு படம் வேணும். வீட்ல இருக்கறது இருபது வருசத்துக்கு முந்தினது, ரேசன் கார்டுக்கு எடுத்தது. நீங்கல்லாம் அவரை நிறைய எடுத்திருக்கீங்கன்னு அவரே சொல்வாரு" என்றார்.

அன்று இரவே எல்லாருக்கும் சொல்லி அனுப்பினேன். சங்கத்தின் தொகுப்பு இருந்த ஹார்ட் டிஸ்க் மார்கழியிலேயே நின்றுபோயிருந்தது. இரண்டாவது பிரதி எடுத்து வைக்கும்படி இரண்டு கூட்டங்களில் தீர்மானம் போட்டோம், எடுக்காதது நான். அந்தக் குற்றம் என்னுடையது, பதிவு செய்துகொள்ளவும். அதனால் அவரவர் வீட்டுக் கணினியில் தேடினார்கள். இரண்டு நாளில் நாற்பத்து மூன்று படம் சேர்ந்தது. அருமையான படங்கள். ஒன்றிலும் முகம் இல்லை.

ஏன் இல்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். அவர் கிழக்கே பார்த்து நிற்பார். நாம் அவருக்கு மேற்கே, முதுகுக்குப் பின்னால், சூரியனை நோக்கி நிற்போம். ஒளி அளவை வானத்துக்கு வைப்போம், ஆள் கறுப்பாக விழுவார், கையிலிருந்து வழியும் தண்ணீர் மட்டும் மின்னும். எதிர்ப் பக்கம் போய் நின்றால் வெளிச்சம் தட்டையாகிவிடும் என்று எட்டு வருடத்தில் ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை. பக்கவாட்டில் எடுத்த ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலக் கோப்பு) ஒன்றில் நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கிப் பார்த்தோம். மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, தூக்கியபோது ஒரு காதும் தாடையும் வந்தன, மணலில் வரைந்த மாதிரி புள்ளி புள்ளியாக. அதை அந்த அம்மாவிடம் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசியில் படம் கிடைத்தது புதிதாகச் சேர்ந்த மாணவியிடம். படித்துறைக்கு அவர் வந்த முதல் நடையில் அவருக்குப் படியில் இடம் கிடைக்கவில்லை. பெரியவர்கள் நாம் அடைத்துக்கொண்டு நின்றிருந்தோம். மேலே டீக்கடை ஓரமாக நின்று, நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க எதையோ சுட்டிருக்கிறார். தாத்தா குளித்து ஏறி வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவரைப் பார்த்து ஏதோ கேட்கிறார், வாய் திறந்திருக்கிறது. பின்னால் பைக்கின் பாதி. ஷட்டர் முப்பதில் ஒரு பங்கு வினாடி, கொஞ்சம் ஆட்டம். அழிக்க வேண்டியவை என்று தனியே ஒதுக்கி வைத்திருந்த படம். "காமிக்கவே கூச்சமா இருக்கு அங்கிள்" என்றுதான் அனுப்பினார்.

பைக்கை வெட்டிவிட்டு 12க்கு 18-ல் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்டித்தான் பேசுவாரு" என்றார். பரிசு பெற்ற மூன்றையும் சட்டம் போட்டு எடுத்துப் போயிருந்தோம். மரியாதைக்கு வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவர் மகன், "இதுல யாரு நிக்கறது?" என்று கேட்டான்.

இது குறித்து மாசி மாதச் செயற்குழுவில் பேச்சு வந்தது. நிழலுருப் படங்களையே நிறுத்திவிட வேண்டும் என்று ஒருவர் சூடாகப் பேசினார். எனக்கு அது சம்மதமில்லை. அந்தப் படங்கள் அழகானவை, அழகு குற்றமல்ல. நிறைவேறிய தீர்மானம் சிறியது: ஊர்க்காரர் ஒருவரைத் திரும்பத் திரும்ப எடுப்பவர், வருடத்தில் ஒருமுறையாவது அவர் முகம் தெரிய ஒன்று எடுத்து, மேக்ஸி அளவில் பிரிண்டு போட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். செலவு யாருடையது என்று பொருளாளர் கேட்டார். எடுத்தவருடையது. வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டும். பூக்கட்டும் அம்மா ஒருவர், "எம் மூஞ்சிய எடுத்து என்ன பண்ணப் போறே, ரெண்டு முழம் வாங்கிட்டுப் போ" என்றார். வாங்கிக்கொண்டு வந்தோம்.

மாசி மகத்தன்று குளக்கரையில் பெண்கள் நீராடும் பக்கம் லென்சைத் திருப்பக் கூடாது என்ற பழைய விதியை இந்த ஆண்டும் எல்லோரும் காத்தார்கள். ஜூலை 16 அன்று நம்மில் யாரும் கேமராவை வெளியே எடுப்பதில்லை. 2004-ல் அந்த நாளில் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அதற்கு விதி எதுவும் எழுதியதில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு திட்டம். அடுத்த மகாமகம் 2028-ல். அதற்குள் சாலை அகலும், சுவர்களுக்கு வண்ணம் மாறும், கடைகள் இடம் பெயரும். ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, லென்சின் ஜூமை மாற்றாமல் ஒரே குவியத் தூரத்தில் ஒரு படம். கோபுரம் வந்தால் வரட்டும், அதற்காக நகர வேண்டாம். கீழே தேதி, தெரு, கண்ணில் படும் கடைகளின் பெயர். 1858-ல் ஆங்கிலேய ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்தபோது கல்வெட்டு வரிசையையும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி நீளச் சுருளாக்கினார். போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே திரும்பி வரும் சரக்கு. இன்றைக்கும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே ஒன்பது தெருவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. கொடிக்கால் பக்கம் எடுக்க ஒருவர் கேட்டிருக்கிறார். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த உற்சாகம். அகத்தி நிழலுக்குள் எல்லார் முகமும் பச்சையாக வரும் என்று அவரை எச்சரித்திருக்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் இப்போது இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று தலைவர் வீட்டில். மூன்றாவதற்குப் பணம் கேட்டுப் பொருளாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன்.

கண்காட்சிக்கு இடம் தந்தவர்களுக்கும், பட்டறைக்குள் விட்ட ஸ்தபதிக்கும், விடியற்காலையில் நமக்காக முதல் டிகிரி காபி போடும் கடைக்காரருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். வாசல் மேசையில் ஓர் உறை இருக்கிறது. உறுப்பினர்கள் எடுத்த மேக்ஸி பிரிண்டுகள், யாருடையவை என்று இன்னும் தெரியாதவை. முகம் அடையாளம் தெரிந்தவர்கள் பின்பக்கம் பெயரும் தெருவும் எழுதிவிட்டுக் காபிக்குப் போகவும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடுகிறது.