கரூரில் என்னதான் இருக்கிறது என்று கேட்ட மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாளாகிவிட்டது. கன்டெய்னர் ஏற்றுகிற வாரம், அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. புனேயில் உன் மகனிடம் யாரோ கரூரில் என்ன இருக்கிறது என்று கேட்க, அவன் "பஸ் ஸ்டாண்ட் இருக்கு" என்றானாம். சிரித்துவிட்டேன். ஆனால் பஸ் என்று சொன்னானே, அது சும்மா இல்லை. நாம் பள்ளிக்கூடம் போகும்போது பைபாஸில் பார்ப்போமே, வெறும் சட்டமும் இன்ஜினும் சக்கரங்களும் ஓடிவரும், கூரையும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு ஆள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிவருவார். எல்லாம் இங்கே பாடி கட்ட வருகிறவைதான். பட்டறையில் ஒருத்தர் பைப் வளைப்பார், ஒருத்தர் வெல்டிங், ஒருத்தர் தகடு அடிப்பார், சீட்டுக்கும் பெயின்டுக்கும் வேறு வேறு ஆட்கள். இப்போது கம்பெனிகளே முழு பஸ்ஸாக விற்கின்றன, பஸ் பாடி விதிமுறையும் கடுமையாகிவிட்டது, சின்னப் பட்டறைக்காரர்களுக்கு மூச்சு முட்டுகிறது.

ஆனால் ஊருக்குச் சோறு போடுவது ஜவுளிதான். திருப்பூர் என்றால் பனியன், உடம்பில் போடுகிற துணி. நம்முடையது வீட்டில் விரிக்கிற துணி: மேசை விரிப்பு, கிச்சன் டவல், ஏப்ரன், திரை, குஷன் உறை. ஒவ்வொரு ஜனவரியும் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கிற வீட்டுத் துணிக் கண்காட்சிக்கு நம்ம ஊர் ஆட்கள் சாம்பிள் பெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். உன் மகனுக்கு ஒன்றை மட்டும் சொல். ஒரே கூரைக்குக் கீழ் எல்லாம் நடக்கிற ஃபேக்டரி இங்கே குறைவு. ஆர்டர் எடுப்பவர் ஒருத்தர், தறி வேறு ஒருத்தருடையது, சாயம் இன்னொரு இடம், தையல் என்னை மாதிரி பன்னிரண்டு மெஷின் வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் ஆள். மேசை விரிப்பின் ஓரத்துக் குஞ்சத்தைக் கட்டுவது பக்கத்துத் தெரு அக்காக்கள், டிவி பார்த்துக்கொண்டே, ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று. கடைசியில் பிசிறு வெட்டி, செக்கிங் டேபிளில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மடிப்பார்கள். ஒரு சின்ன எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் போச்சு. கையில் பெரிய காசில்லாத ஒருவன் இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியைப் பிடித்து மேலே வந்துவிடலாம், நானே அப்படி வந்தவன்தான். இதையே நம்ம ஊரின் பெரிய பலமாக நினைக்கிறேன்.

கொசுவலையும் இங்கே செய்கிறார்கள், பிளாஸ்டிக் குருணையை உருக்கி நூலாக இழுத்துப் பின்னுவார்கள்.

காகிதபுரம் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். 1984-ல் அங்கே ஓடத் தொடங்கிய டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு அரசின் காகித ஆலை, கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு அந்தச் சக்கைதான் அடுப்பெரிக்கும் விறகு. அதைச் சும்மா கொடுப்பார்களா? அதனால் சக்கைக்குப் பதிலாகக் காகித ஆலைக்காரர்கள் நிலக்கரியோ நீராவியோ கொடுப்பது என்று ஏற்பாடு. நம்ம பாட்டிகள் நெல்லுக்கு உப்பு மாற்றியது மாதிரி!

பேங்க் விஷயத்திலும் நம்ம ஊர் சாதாரணம் இல்லை. 1916-ல் கரூர் வைஸ்யா, 1926-ல் லட்சுமி விலாஸ், ஒரே சின்ன ஊரில் இரண்டு பேங்க் பிறந்தன. இரண்டாவது 2020 நவம்பரில் சிங்கப்பூர்க்காரர்களின் டிபிஎஸ் பேங்கோடு இணைக்கப்பட்டபோது பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யமாகிவிட்டது. காசு போனது ஒருபக்கம், நம்ம ஊரில் பிறந்த ஒன்று போய்விட்டதே என்கிற வருத்தம் ஒருபக்கம்.

பெருமை மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். அமராவதி ஆற்றங்கரையில் சாயத் தண்ணீர் ஏறிய கிணறுகள் இன்னும் உப்புக் கரிக்கின்றன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று விதி வந்த பிறகு பல சாயப்பட்டறைகள் மூடின. அதில் வேலை போனவர்களும் நம்ம ஆட்கள்தான், நிலம் போனவர்களும் நம்ம ஆட்கள்தான், யார் பக்கம் பேசுவது சொல்.

அப்புறம் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதே, அப்போதுதான் நான் மேலே சொன்ன பலத்தின் மறுபக்கம் தெரிந்தது. ஆர்டர் எடுத்தவர் ஒரு போனில் "கொஞ்சம் நிறுத்தி வைங்க" என்றார். எனக்குப் பன்னிரண்டு மெஷினில் நாலு ஓடியது. குஞ்சம் கட்டுகிற அக்காக்களுக்குப் போன் கூடப் போகவில்லை, மூட்டை வரவில்லை, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வருகிறாயா? மகனையும் கூட்டி வா. பஸ் பட்டறைக்கு ஒரு காலை, செக்கிங் டேபிளுக்கு ஒரு மதியம். ஷூ வேண்டாம் என்று சொல், ஜவுளிப் பிசிறு ஒட்டிக்கொண்டால் போகாது.

உன் மச்சான்