அந்த இரண்டு வண்டிகளைப் பற்றி

அம்மாடி,

நீ அனுப்பிய இரண்டு வண்டிகளின் படத்தையும் விவரத்தையும் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். போனில் பேசினால் பேச்சு வேறு எங்கேயோ போய்விடும், அதனால் எழுதியே அனுப்புகிறேன், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு. ஆராய்ச்சிக்குப் போகிற இடத்தில் கடைசிப் பகுதிக்கு ரோடே கிடையாது, போன் சிக்னலும் இருக்காது, கூட ஒரே ஒரு ஆள்தான் வருவார் என்று நீயே சொன்னாய். அப்படிப்பட்ட இடத்துக்குள் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்கு இரண்டாவது கவலைதான். உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்குமா என்பது முதல் கவலை. இத்தனை வருஷம் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் கழற்றி மாட்டியவன் என்கிற முறையில் சொல்கிறேன், இரண்டுமே உனக்கு வேண்டாம்.

முதல் வண்டி நல்ல வண்டிதான், அதில் சந்தேகமில்லை. மழையிலும் சரளை ரோட்டிலும் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும், நீ எதையும் தொடவேண்டியதில்லை. ஆனால் அதில் லோ ரேஞ்ச் இல்லை, அதாவது வண்டியை மிக மெதுவாக, அதிக விசையோடு நகர்த்துகிற கூடுதல் கியர் இல்லை. அது ஒன்றே எனக்குப் போதும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

ஏன் என்று கணக்காகவே பார்ப்போம். முதல் கியர் எஞ்சின் சுற்றை 4 மடங்கு குறைக்கும், ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரம் இன்னும் 4 மடங்கு குறைக்கும் என்று வைத்துக்கொள். எஞ்சின் 16 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலரேட்டரைத் தொடாத ஐடிலில் நிமிஷத்துக்கு 800 சுற்று, டயர் 30 இஞ்ச் உயரம் என்றால் வண்டி மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கல்லும் குழியுமான இடத்தில் அது அதிக வேகம். நடுவில், லோ ரேஞ்சைத் தருகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற இன்னொரு கியர் பெட்டி 2.7 மடங்கு குறைக்கிறதாக வந்தால் அந்த 16 என்பது 43 ஆகிவிடுகிறது, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி மணிக்கு 2.7 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும், பக்கத்தில் நடந்து வருகிற ஆள் உனக்காக நின்று நின்று வரவேண்டியிருக்கும். சக்கரத்துக்குப் போகிற முறுக்குவிசையும் அதே அளவு கூடும். இது இல்லாத வண்டியில் என்ன செய்வாய்? கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு ஓட்டுவாய், அது கருகும். ஆட்டோமேட்டிக் என்றால் ஆயில் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும், ஆறும்வரை நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் லோ ரேஞ்சின் அருமை தெரியும். செங்குத்தான மண் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுற்றுவது நின்று வண்டி அப்படியே சறுக்க ஆரம்பிக்கும், சறுக்குகிற வண்டி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. லோவில், முதல் கியரில் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஜீப் ராங்ளர் ரூபிகானில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டுமே 4 மடங்கு குறைக்கும், பாறை மேல் ஏறுவதையே வேலையாக வைத்திருப்பவர்களுக்கு அது. உனக்கு 2 அல்லது 2.5 மடங்கு இருந்தாலே தாராளம். ஒன்றை மட்டும் மறக்காதே. பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் விசை அனுப்புகிற வகையில், அதைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாகவேண்டும், காய்ந்த தார் ரோட்டில் அந்த வித்தியாசத்துக்கு வழி கிடைக்காமல் கியர்களும் ஷாஃப்டும் முறுக்கேறி நிற்கும். தார் வந்ததும் டூ ஹைக்கு, அதாவது இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விசை போகிற சாதாரண நிலைக்கு மாற்றிவிடு.

அப்புறம் டிஃபரன்ஷியல், ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்துக்கும் எஞ்சின் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. ஒரு வாய்க்காலைச் சாய்வாகக் கடக்கிறாய் என்று வை. முன்னால் இடது சக்கரம் பள்ளத்துக்குள் தொங்குகிறது, அதற்கு எதிர் மூலையில் பின்னால் வலது சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது, வண்டியின் எடை முழுக்க மற்ற இரண்டின் மேல். சாதாரண டிஃபரன்ஷியல் ஒரு ஆக்ஸிலின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். தொங்குகிற சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் தரையில் அழுந்தியிருக்கிற சக்கரத்துக்கும் போகும், அது ஒன்றுமே இல்லாத அளவு. ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தும் இரண்டு சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்க வண்டி அசையாமல் நிற்பது இதனால்தான். பின் ஆக்ஸிலில் லாக்கர் இருந்தால் சுவிட்சைப் போட்டதும் இரண்டு பக்கமும் ஒரே தண்டு மாதிரி சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். இப்போது வருகிற வண்டிகளில் டிராக்ஷன் கண்ட்ரோல் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து மற்றதற்கு விசையை அனுப்புகிறது, நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் சக்கரம் சுற்றி வழுக்கிய பிறகுதான் அதற்குத் தெரியும், நீண்ட நேரம் செய்தால் பிரேக்கும் சூடாகும். முன்னாலும் லாக்கர் வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். உன் வேலைக்குப் பின்னால் ஒன்று இருந்தால் போதும்.

சரி, இரண்டாவது வண்டி, அந்த உயர்த்திக் கட்டியது. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, அது உன்னை இழுப்பதும் புரிகிறது. சஸ்பென்ஷனை உயர்த்தினால் பாடி மேலே போகும், உண்மை. ஆனால் முன்னும் பின்னும் திட ஆக்ஸில் உள்ள, அதாவது இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே இரும்புத் தண்டில் சேர்ந்திருக்கிற வண்டியில் கல்லில் முதலில் இடிப்பது நடுவில் தொங்குகிற அந்த டிஃபரன்ஷியல் குடுக்கை, அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் டயர் 2 இஞ்ச் பெரிதானால் 1 இஞ்ச். 31 இஞ்ச் ஓடவேண்டிய வண்டியில் 35 இஞ்ச் மாட்டியிருக்கிறார்கள். அதனால் கியரிங் 13 சதவீதம் போல உயர்ந்துவிட்டது, லோ ரேஞ்சில் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. ஸ்பீடாமீட்டரைத் திருத்தவில்லை என்றால் 80 காட்டும்போது நிஜமாக 90 ஓடுவாய். பிரேக் அதே பழைய பிரேக், ஆனால் நிறுத்தவேண்டிய சக்கரம் பெரியது, கனமானது. எடை மேலே ஏறியதால் பக்கவாட்டுச் சரிவில் சாய்ந்துவிடும் அபாயமும் கூடும், எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. யார் செய்த வேலை, எந்த போல்ட், எந்த வெல்டிங் என்று எழுத்தில் ஒன்றும் இல்லாத வண்டியை நம்பி சிக்னல் இல்லாத இடத்துக்கு உன்னை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

நான் சொல்வது இதுதான்: கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற, லோ ரேஞ்ச் உள்ள, பின் லாக்கர் உள்ள, நீ போகிற பக்கத்தில் நிறைய பேர் ஓட்டுகிற ஒரு வண்டி. கடைசியில் சொன்னது சின்ன விஷயமில்லை. டொயோட்டா லேண்ட் குரூஸர் 70 வரிசை 1984-இல் வந்தது, இன்னும் தயாரிக்கிறார்கள், உலகத்தின் பல மூலைகளில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இருப்பார் என்பதால்தான் அதற்கு அந்த மரியாதை. கனமான வண்டி, பெரிய வண்டி, உனக்கு அவ்வளவு தேவையில்லை. நீங்கள் இரண்டே பேர், கருவிகளும் அதிகமில்லை என்றால் சுஸூகி ஜிம்னி மாதிரி ஒன்றை ஓட்டிப் பார். மூன்று கதவு வண்டி சுமார் 1,100 கிலோதான், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 2,250 மில்லிமீட்டர், தரை இடைவெளி 210. அந்த 210 பெரிய எண் இல்லை, ஆனால் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி குட்டையாக இருப்பதால் மேட்டு உச்சியில் வயிறு தட்டாது, முன்னும் பின்னும் பம்பர் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. லாக்கர் அதில் வராது, டிராக்ஷன் கண்ட்ரோல்தான், அந்த எடைக்கு அதை நான் ஒப்புக்கொள்வேன். சேற்றில் லேசான வண்டி குறைவாகப் புதையும், புதைந்தாலும் இரண்டு பேர் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்துவிடலாம். இரண்டரை டன் வண்டி புதைந்தால் இன்னொரு வண்டி வந்தாகவேண்டும்.

பாடிக்குக் கீழே ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டம், அதாவது ஏணிச் சேஸிஸ் இல்லாத வண்டியெல்லாம் உதவாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அதை அப்படியே நம்பாதே. லாடா நிவா 1977-இலேயே சேஸிஸ் இல்லாமல், பாடியையே பலமாகக் கட்டி, லோ ரேஞ்சோடு வந்தது. இப்போதைய லேண்ட் ரோவர் டிஃபென்டரும் அப்படித்தான்.

இனி டயர். மிச்சம் பிடிக்கிற பணத்தை இதில் போடு. நீ அனுப்பிய முதல் வண்டியில் 20 இஞ்ச் ரிம், டயரின் பக்கச்சுவர் பட்டையாக ஒரு கை அகலம்கூட இல்லை. கூரான கல்லில் பிளந்துபோவது பெரும்பாலும் அந்தப் பக்கச்சுவர்தான், அதற்குப் பஞ்சர் ஒட்டமுடியாது. 16 அல்லது 17 இஞ்ச் ரிம், உயரமான பக்கச்சுவர், ஆல் டெரெய்ன் வகை டயர். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் வேண்டாம், சேற்றைத் தவிர மற்ற இடங்களில் இரைச்சலும் அதிகம், ஈரமான தாரில் பிடியும் குறைவு, நீ போகிற தூரத்தில் பெரும்பகுதி தார்தானே. ஸ்டெப்னி அதே அளவில், முழு டயராக இருக்கவேண்டும். ஒல்லியாக ஒரு தற்காலிகச் சக்கரத்தைக் காட்டினால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வா.

காற்றைப் பற்றி நான் சொல்வதை அப்படியே செய். ரோட்டில் 32, 35 பிஎஸ்ஐ வைத்திருப்பதை மணலுக்குள் இறங்குவதற்கு முன்னால் 18-க்குக் கொண்டுவா, புதைந்த பிறகு இல்லை, இறங்குவதற்கு முன்னால். டயர் தரையில் நீளமாகப் படிந்து எடையைப் பரப்பிக்கொள்ளும், நகரவே மாட்டேன் என்ற வண்டி சாதாரணமாகப் போவதைப் பார்ப்பாய். அந்தக் காற்றில் வேகம் கூடாது, சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்கவும் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரோட்டுக்கு வந்ததும் திரும்பக் காற்றடிக்காமல் கிளம்பாதே. பேட்டரியில் ஓடுகிற நல்ல கம்ப்ரஸர் ஒன்றும், நம்பகமான ஒரு காற்று மீட்டரும் லாக்கரைவிட உனக்கு அதிகம் உதவும்.

எடையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு வண்டி 500 கிலோ தாங்கும் என்றால் அது ஆளையும் சேர்த்துத்தான். நீங்கள் இருவர் 140, தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ, டீசல் கேன் 40 லிட்டர் 34 கிலோ, மேலே ரூஃப் ரேக் 35, இரண்டாவது ஸ்டெப்னி 35, இரும்பு பம்பரும், கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கிற வின்ச்சும் சேர்ந்து 90 போல. கருவிப்பெட்டி ஏறுவதற்கு முன்னாலேயே 400-ஐ நெருங்கியாச்சு. அதனால் பம்பர், வின்ச், கூரை மேல் கூடாரம் எதுவும் வாங்காதே, முதல் வருஷம் வண்டியை அப்படியே ஓட்டு. கூரையில் ஏற்றுகிற எடைக்குத் தனி வரம்பு உண்டு, கையேட்டில் இருக்கும்.

தண்ணீரைக் கடக்கும் ஆழம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அது நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீரில் முழங்காலளவே வண்டியைத் தள்ளிவிடும், இறங்காதே. தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, உள்ளே தண்ணீர் போயிருந்தால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இழுத்து வெளியே எடுக்க, முன்னும் பின்னும் சேஸிஸில் பதித்த, தாங்கும் அளவு குறிப்பிட்ட கொக்கி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார். டிரெய்லர் மாட்டுகிற டோ பாலில் கயிற்றை மாட்டி இழுக்க யார் சொன்னாலும் விடாதே அம்மாடி. அது முறிந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஒரு மண்வெட்டி, மணலில் போடுகிற இரண்டு பலகை, இழுக்கும்போது நீண்டு கொடுக்கிற ஒரு கைனெடிக் கயிறு, அதை மாட்ட கயிற்றாலான வளையமான சாஃப்ட் ஷேக்கிள் இரண்டு, இவ்வளவு போதும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்காதே, கீழே படு. சேஸிஸில் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போ, கணீர் என்ற சத்தம் மாறி மொத்தென்று கேட்கிற இடத்தில் உள்ளே துரு இருக்கலாம். டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் விரலில் எடுத்துத் தரச் சொல், பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பார். பிறகு மண் தரையில் ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கர இழுவையோடு லோ ரேஞ்சில் போட்டு நேராகக் கொஞ்சம், வளைத்துக் கொஞ்சம் ஓட்டு. கியர் விழாமல் அடம்பிடித்தாலோ, டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஓட்டியவர் அதைப் பல வருஷம் தொடவே இல்லை, இல்லையென்றால் ரொம்பத் தொட்டிருக்கிறார்.

அம்மா தண்ணீர்க் கேன் 20 லிட்டராக மூன்று வாங்கு, 60 லிட்டர் ஒரே கேன் உன்னால் தூக்கமுடியாது என்று சொல்லச் சொன்னாள்.

அடுத்த வண்டியைப் பார்க்கும்போது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற எடைத் தகடு, நான்கு டயர்களின் பக்கச்சுவர், பின் ஆக்ஸில் கீழிருந்து, இந்த மூன்றையும் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. நான் பார்த்துக் கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா